சூடாகும் ரூட்டர்: புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு வேலூரில், மாடி போர்ஷன். மேலே மொட்டை மாடிதான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஃபைபர் இணைப்பு எடுத்தோம். கேபிள்காரர் கொடுத்த பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் வைஃபை பின் அறைக்கு எட்டவில்லை என்று மகன் தனியாக ஒரு ரூட்டர் வாங்கி மாட்டினான். இரண்டையும் ஹாலில் டி.வி.க்கு மேலே இருக்கும் சுவர் ஷோகேஸில், கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருக்கிறோம். கரண்ட் போனாலும் நெட் நிற்கக் கூடாது என்று வாங்கிய மினி யூ.பி.எஸ்.ஸும் அதே தட்டில்தான், ரூட்டருக்கு அடியில். தூசு படியாமலிருக்க மேலே ஒரு லேஸ் துணி போட்டிருக்கிறேன்.

சித்திரை பிறந்ததிலிருந்து, மகனுடைய போனில் இருக்கும் ரூட்டர் ஆப்பில் வெப்பநிலை அதிகமாகிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. மூன்று மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். இரவு ஏழு, ஏழரை வரை இருக்கும். அந்த நேரத்தில் வீடியோ கால் திக்கித் திணறும். சில நாள் ரூட்டர் தானாக அணைந்து தானாக எரியும். அவன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தொடவே மாட்டான், அன்றைக்கும் இது வருகிறது. போன வாரம் இரண்டு நாள் கோடை மழை பெய்தபோது மட்டும் வரவில்லை, அல்லது நாங்கள்தான் கவனிக்கவில்லையோ என்னவோ.

கேபிள்காரர், "பழசாயிடுச்சும்மா, புதுசு மாத்திடுங்க" என்கிறார். பக்கத்து வீட்டில் ஐஸ் பேக் வைக்கச் சொல்கிறார்கள். என் கணவர், "தீப்பிடிச்சிடப் போகுது, ராத்திரி அணைச்சுட்டுப் படு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, வேலூர்

பதில்:

அம்மா, ஐஸ் பேக்கை இன்றே மறந்துவிடுங்கள். மற்ற இருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் எச்சரிக்கை வருகிறது. மழை பெய்த இரண்டு நாளும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம். வாங்கி அதே ஷோகேஸில் வைத்தால் அதுவும் இதையேதான் சொல்லும்.

ரூட்டர் ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க, ஆப் காட்டும் டிகிரியைவிட எச்சரிக்கை வரும் நேரம் அதிகம் உதவும். வேலைப் பளுதான் காரணம் என்றால், வீட்டில் எல்லாரும் நெட் பார்க்கும் இரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில் வரும். விடுமுறை நாளில் நேரம் மாறும். அடாப்டரோ உள்ளே ஏதாவது பாகமோ கெட்டிருந்தால் விடிகாலை என்றும் பார்க்காது, மழை என்றும் பார்க்காது. வெயிலோடு வந்து வெயிலோடு போகிறது என்றால் இடம்தான் குற்றவாளி. உங்கள் வீட்டில் உச்சி வெயிலில் ஒன்றும் இல்லை, மூன்று மணிக்கு மேல்தான் ஆரம்பம். காங்கிரீட் தளத்தின் மேல் விழும் வெயில் உடனே கீழே இறங்கிவிடாது. தளம் சூடேறி, அந்தச் சூடு மறுபக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பன்னிரண்டு மணியைவிட ஐந்து மணிக்குப் புழுக்கம் அதிகமாக இருப்பது உங்களுக்கே தெரியும். மேற்குச் சுவரில் வெயில் நேராக அடிப்பதும் அந்த நேரத்தில்தான். ஷோகேஸ் இருக்கும் சுவர் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. மேற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுவர் ஷோகேஸ் என்பது நம் கொத்தனார்கள் கட்டும் விதத்தில் ஒரு பலவீனமான இடம். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம் என்றால், அலமாரிக்காகக் குடைந்த பிறகு பின்பக்கம் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான் மிஞ்சும். மற்ற இடத்தில் உள்ள சுவரில் பாதி. இன்று மாலை நாலரை மணிக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஷோகேஸைத் திறந்து, ரூட்டருக்குப் பின்னால் உள்ள சுவரில் உள்ளங்கையை வையுங்கள். அடுத்து, ஷோகேஸுக்கு வெளியே அதே சுவரில், அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும். அறை வெப்பமானி ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வகை, கையில் இருந்தால் கதவை மூடி அரை மணி நேரம் உள்ளே வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 42 டிகிரிக்கு மேல் காட்டாது. நீங்கள் பார்க்கப்போகும் எண் அதற்கு மேலே இருக்கலாம்.

வெளியில் இருந்து வரும் சூடு இது. உள்ளேயே பிறக்கும் சூடும் உண்டு. உங்கள் மகன் வாங்கிய மாதிரியான ரூட்டர் 8 முதல் 12 வாட் வரை மின்சாரம் எடுக்கும். கேபிள்காரர் பெட்டி அதைவிடக் கொஞ்சம் குறைவு. யூ.பி.எஸ். சார்ஜ் ஏறும்போது அதுவும் தன் பங்குக்குச் சில வாட். இதில் வைஃபை அலையாக வெளியே போவது மிகச் சிறிய பங்கு. மீதி முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். ஆக, கண்ணாடிக் கதவை மூடி உள்ளே ஒரு சின்னக் குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டதற்குச் சமம். (பழைய ஜீரோ வாட் பல்பு என்று சொல்கிறோமே, அதுவே 12, 15 வாட் எடுக்கும். பெயரை நம்பி ஏமாந்த தலைமுறை நாம்.)

இப்போது எண்களைப் பார்ப்போம், அதுதான் விஷயமே. வீட்டு ரூட்டர்களின் விவரத் தாளில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இது பெட்டியைச் சுற்றியுள்ள காற்றின் கணக்கு, உள்ளே இருக்கும் சிப்பின் கணக்கு அல்ல. சிப் அதைவிட எவ்வளவோ தாங்கும். அதனால் ஆப்பில் 70, 75 என்று எண் பார்த்தால் பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, சிப் எப்போதும் சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல் சூட்டில் இருக்கும் என்பதை. ஒரு பேச்சுக்கு அந்த வித்தியாசத்தை 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஹால் காற்று 27 என்றால் சிப் 72. சித்திரையில் ஹால் 37 என்றால் சிப் 82, அதுவும் பரவாயில்லை. ஷோகேஸுக்குள் 50 என்றால் சிப் 95. அங்கேதான் எச்சரிக்கை அடிக்கிறது. மேலே போட்ட துணி அந்த 45-ஐயே 50, 55 ஆக்கிவிடும். பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் இருக்கும் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்து, சூடாகி, மேல் துளைகள் வழியாக எழும்ப வேண்டும். உள்ளே விசிறி கிடையாது, அந்த ஓட்டம் ஒன்றுதான் அதற்கு மூச்சு. துணி மேலே அடைக்கிறது, யூ.பி.எஸ். கீழே அடைக்கிறது.

வானிலை மையம் வேலூருக்கு 41 டிகிரி என்று சொன்னால், அது காற்றோட்டமான மரக்கூண்டுக்குள், நிழலில் எடுத்த அளவு. அதாவது உங்கள் ஊரில் பல நாள்களில், ரூட்டர் தாங்கும் என்று எழுதியிருக்கும் 40 வாசலிலேயே தாண்டிவிடுகிறது. நம் ஊரில் ரூட்டரை மூடி வைக்கும் ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

சூடு எல்லையைத் தொட்டதும் ரூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். முதலில் வேகத்தைக் குறைக்கும், அலையின் பலத்தைக் குறைக்கும். அதுதான் வீடியோ கால் திக்குவது. அப்படியும் அடங்கவில்லை என்றால் வைஃபையை நிறுத்தும் அல்லது மொத்தமாக அணைந்து திரும்ப எழும். நீங்கள் எழுதிய வரிசை அப்படியே இருக்கிறது. எல்லா ரூட்டரும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. எச்சரிக்கை கொடுக்கும் பெட்டி கிடைத்தது உங்கள் நல்ல நேரம்.

ஆக, முதல் வேலை இடம் மாற்றுவது. இதில் கவனம் வேண்டியது மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில் வரும் அந்த மெல்லிய ஃபைபர் கம்பி. உள்ளே இருப்பது தலைமுடி மொத்தத்துக்குக் கண்ணாடி இழை. சுருக்கென்று மடித்தால் ஒளி கசியும், ஒடியவும் செய்யும். உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றலாம், அதைவிட இறுக்கிக் கட்டாதீர்கள். பெட்டியிலிருந்து அதைக் கழற்றவும் வேண்டாம். நுனியில் ஒரு துளி தூசு ஒட்டினாலே சிக்னல் போய்விடும். கழற்றிய நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது கூடவே கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை.

ஆகவே கேபிள்காரர் பெட்டியை இப்போது நகர்த்த வேண்டாம். ஷோகேஸ் கதவைத் திறந்து வைத்து, துணியை எடுத்துவிட்டால் இப்போதைக்கு அதற்குப் போதும். மகனுடைய ரூட்டரைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டையும் இணைப்பது லேன் கேபிள். அது 100 மீட்டர் வரை போகும், வளைத்தாலும் தாங்கும். ஐந்து மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி, உள்சுவர் ஒன்றில், அதாவது மறுபக்கமும் அறையாக இருக்கும் சுவரில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டச் சொல்லுங்கள். பல ரூட்டர்களின் அடிப்பக்கத்தில் சாவித் துவாரம் மாதிரி இரண்டு ஓட்டைகள் இருக்கும். சுவரில் மாட்டத்தான் அவை. நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் காற்று இன்னும் சுலபமாக மேலே ஏறும். கூரையை ஒட்டி மாட்டாதீர்கள், மாடி வீட்டில் அறையின் சூடான காற்று முழுக்க அங்கேதான் தங்கும். பரண், ஃப்ரிட்ஜின் தலை, சமையலறை, வெயில் விழும் ஜன்னல் திட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே, இதெல்லாம் வேண்டாம். செட்டாப் பாக்ஸின் முதுகில் ஏற்றி வைப்பதும் வேண்டாம். ஷோகேஸின் பின்பக்கம் கண்ணாடி பதித்திருந்தால் அதன் ரசப் பூச்சு அலையையும் தடுத்துக்கொண்டிருந்திருக்கும். வெளியே வந்தால் பின் அறைக்கு சிக்னல் கூடினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். ஒரு ஸ்டூலை ஹால் நடுவே போட்டு, ரூட்டரை மட்டும் அதன் மேல், சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். மின்விசிறி வழக்கம்போல ஓடட்டும். நல்ல வெயில் அடிக்கும் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, காலையில் ஒரு முறை, மாலை ஐந்துக்கு ஒரு முறை ஆப்பில் காட்டும் டிகிரியைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதுங்கள். எச்சரிக்கை வந்தால் மணியையும் எழுதுங்கள். வராவிட்டால் வழக்கு முடிந்தது, ஆணி அடித்துவிடலாம்.

மினி யூ.பி.எஸ்.ஸைப் பற்றித்தான் எனக்கு ரூட்டரைவிடக் கவலை. அதற்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. 45 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. நீங்கள் ரூட்டரின் சூட்டையும் அதன் தலையில் ஏற்றி, கதவையும் மூடியிருக்கிறீர்கள். முதலில் அதை வெளியே எடுங்கள். தட்டையான இடத்தில் வைத்து, அடிப்பக்கமோ பக்கவாட்டோ உப்பியிருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். துளி உப்பல் தெரிந்தாலும் அதை இனி மின்சாரத்தில் சொருக வேண்டாம், குத்தவோ அமுக்கவோ வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், ரூட்டரிலிருந்து ஒரு அடி தள்ளித் தனியே வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று என்ற அடுக்கு மட்டும் வேண்டாம்.

ஆப்பில் செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது, இதை மகனிடம் சொல்லுங்கள். கேபிள்காரர் பெட்டியின் வைஃபை எட்டவில்லை என்றுதானே தனி ரூட்டர் வாங்கினீர்கள்? அந்தப் பெட்டியின் வைஃபை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பழைய பெயர் தெரியும். யாரும் பயன்படுத்தாத அந்த வைஃபை வீணாகச் சூட்டைக் கிளப்புவதோடு, ரூட்டரின் அலையோடு மோதவும் செய்கிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் (192.168.1.1 அல்லது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் முகவரி) நுழைந்து வைஃபையை மட்டும் அணைத்துவிடலாம். நுழைய முடியவில்லை என்றால் கேபிள்காரரே தன் இடத்திலிருந்து அணைத்துத் தரலாம், கேளுங்கள். அதே பக்கத்தில் ஒளி வாங்கியின் வெப்பநிலை என்று ஒரு எண்ணும் சில பெட்டிகளில் இருக்கும். 70 டிகிரியை நெருங்கினால் அந்தப் பெட்டிக்கும் இடமாற்றம் தேவை, அதைக் கேபிள்காரர் வந்துதான் செய்ய வேண்டும். சூட்டையும் லைன் கோளாறையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேபிள்காரர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அது ஃபைபரில் பிரச்சினை. ரூட்டரைக் குளிரவைத்து அது தீராது.

ரூட்டரின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஆப்பில் காத்திருந்தால் ஏற்றிவிடுங்கள். காலையில், கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்து.

ஐஸ் பேக் ஏன் கூடாது? நம் ஊர்க் காற்றில் ஈரம் உண்டு. குளிர்ந்த பொருளைத் தொட்ட காற்று நீர்த்துளியாக வடியும். அந்தத் துளி காற்றுத் துளை வழியாக உள்ளே சொட்டினால், இதுவரை சூட்டில் பிழைத்த பெட்டி தண்ணீரில் போய்ச் சேரும். ஈரத்துணி சுற்றுவதும் அப்படித்தான். விசிறி வேண்டுமானால், லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் வகை ஒன்றை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதைப் பழைய போன் சார்ஜரில் ஓட்டுங்கள். ரூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் செருகினால் அந்த மின்சாரமும் ரூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால் திறந்த இடத்தில் வைத்த ரூட்டருக்கு விசிறியே தேவைப்படாது. விசிறி வைத்து மூடிய ஷோகேஸில் அது சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

வெளியே எடுக்கும்போது ஒரு முறை சுத்தமும் செய்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளைத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். துளைகளில் எறும்பு சாரை போகிறதா, வெள்ளையாக முட்டை தெரிகிறதா என்று பாருங்கள். கதகதப்பான இடம் எறும்புக்குப் பிடிக்கும், ரூட்டருக்குள் குடித்தனம் வைத்த எறும்புகளை நான் பார்த்திருக்கிறேன். பல்லியும் அப்படித்தான். கொசு மருந்து, எறும்பு மருந்து எதையும் துளைக்குள் அடிக்காதீர்கள். அடைசல் அதிகம் என்றால் திறந்து சுத்தம் செய்ய சர்வீஸ் கடையில் கொடுக்கலாம். உத்தரவாதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், திறந்தால் போய்விடும்.

கேபிள்காரர் சொன்ன "பழசாயிடுச்சு" முழுப் பொய் இல்லை. அடாப்டருக்குள்ளும் ரூட்டருக்குள்ளும் சிறிய உருளை மாதிரி கெப்பாசிட்டர்கள் இருக்கும். சுற்றுச்சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. மூன்று கோடை அந்த ஷோகேஸில் கழிந்திருக்கிறது, கொஞ்சம் மூப்பு தட்டியிருக்கலாம். மூப்பு முதலில் தெரிவது அடாப்டரில். ரூட்டர் தானாக அணைந்து எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடாப்டரின் மேல் எழுதியிருப்பதையும் ரூட்டரின் முதுகில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர், ரூட்டர் கேட்பதற்குக் குறையக் கூடாது. ரூட்டர் 1.5 கேட்கிறது, அடாப்டர் 2 என்றால் நல்லதுதான், ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அடாப்டர் 1 என்றால் தப்பு, அது மூச்சு முட்டிச் சூடாகும். உங்கள் வீட்டில் ரூட்டருக்கு நேராக அடாப்டர் போகாமல் நடுவில் யூ.பி.எஸ். இருக்கிறது, அதன் மேலும் இதே கணக்கைப் பாருங்கள். சோதனை நடக்கும் மூன்று நாளும் யூ.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு ரூட்டரை அதன் சொந்த அடாப்டரிலேயே நேராக ஓட்டுவது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு சந்தேகங்கள் வேண்டாம். புது அடாப்டர் வாங்க நேர்ந்தால் பி.ஐ.எஸ். தரக்குறியோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம். எதுவும் அச்சிடாத நூறு ரூபாய்ச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ரூட்டர் தானே தீப்பிடிப்பது அரிது. உள்ளே ஓடுவது 12 வோல்ட், சூடு மீறினால் அணைந்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. பயப்பட வேண்டியது 230 வோல்ட் வரும் பக்கம்: அடாப்டர், பிளக், அதைச் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டி.வி., செட்டாப் பாக்ஸ், ரூட்டர், யூ.பி.எஸ். எல்லாம் ஒரே பாக்ஸில், அந்தப் பாக்ஸ் இன்னொரு பாக்ஸில் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிளக் ஆடுகிறதா, அடாப்டர் பழுப்பேறியிருக்கிறதா, கருகல் வாசனை, ஈ மொய்ப்பது மாதிரி இரைச்சல், கை வைக்க முடியாத சூடு, இதில் ஒன்று இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு அதைத் தூக்கிப் போடுங்கள். மாலை வரை காத்திருக்க வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால், இரவில் அணைப்பது உங்கள் இஷ்டம். அணைப்பதால் கெடுதல் இல்லை, மாலை மூன்று மணிச் சூட்டுக்கு அது மருந்தும் இல்லை. மிச்சம் என்று பார்த்தால், 10 வாட் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 14, 15 யூனிட்தான். வீட்டில் சி.சி.டி.வி. கேமரா வைஃபையில் ஓடுகிறது என்றால் இரவில் அணைத்தால் அதுவும் நின்றுவிடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எச்சரிக்கை வந்தது ரூட்டரின் சொந்த ஆப்பில், அது சரி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் ஏதோ பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு கட்டம் எழுந்து, உங்கள் ரூட்டர் சூடாகிவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்றால் அது மோசடி. ஒரு இணையப் பக்கத்துக்கு உங்கள் ரூட்டரின் சூடு தெரியாது. பேசிப் பணம் கொடுத்துவிட்டவர்கள் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஸ்டூலில் வைத்தும் எச்சரிக்கை நிற்கவில்லை என்றால் ஒரு கடைசிச் சோதனை. இரவு அணைத்து, காலை ஆறு மணிக்குப் போடுங்கள். நன்றாக ஆறிய பெட்டி முழுச் சூட்டுக்கு வர அரை மணி, முக்கால் மணி ஆகும். போட்ட ஐந்து நிமிடத்துக்குள் சூடு என்று கத்தினால், அது நிஜச் சூடு அல்ல, உள்ளே இருக்கும் சென்சரோ மென்பொருளோ பொய் சொல்கிறது. அரை மணி கழித்து, காலைக் குளிர்ச்சியிலும் வந்தால் உள்ளே பாகம் கெட்டிருக்கிறது. இந்த இரண்டில் எது நடந்தாலும் பில்லை எடுத்துப் பாருங்கள். ரூட்டருக்கு உத்தரவாதம் மிச்சம் இருந்தால் விற்றவர் அல்லது தயாரித்தவர் மாற்றித் தர வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கேபிள்காரர் பெட்டி அவர் கொடுத்தது, அது கெட்டால் அதை மாற்றித் தருவது அவர் வேலை, உங்கள் பணத்தில் அல்ல. அவர் புதுசு மாற்றச் சொன்னது எந்தப் பெட்டியை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை, அவருக்கும் தெளிவாக இருந்திருக்காது.

கத்திரி முடிவதற்குள் இந்த மூன்று நாள் சோதனையைச் செய்துவிடுங்கள். மழை வந்த பிறகு செய்தால் பதில் கிடைக்காது. சீட்டில் எழுதியதையும், அடாப்டர், ரூட்டர், யூ.பி.எஸ். மூன்றிலும் அச்சிட்டிருக்கும் எண்களின் படத்தையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்குப் போக வேண்டாம்.